கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? நூலும் சாக்பீசும் போதும்!

பழைய அம்பாசிடர்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும்போது கூட்டம் முழுவதும் அண்ணாந்து பெருமாளைப் பார்க்கும். சிலர் மட்டும் குனிந்து சக்கரத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள். அவர்கள்தான் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்!

தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. அந்தச் சக்கரத்துக்கு நேராகப் போகத்தான் தெரியும். சித்திரை வீதி மூலை வந்ததும் கட்டையைச் சாய்த்துப் போட்டு, இம்மி இம்மியாகச் சக்கரத்தை ஒதுக்கி, உரசி உரசித்தான் தேரைத் திருப்ப வேண்டும். கட்டை தேய்ந்தால் வேறு கட்டை. தேர் திரும்பினால் போதும்.

ஆனால் அதே வீதியில் வீட்டு வாசலில் நிற்கிற காரின் டயரும் உரசிக் கொண்டே ஓடினால்?

காசு போச்சு. சில சமயம் உயிரும் போகும்!

ஒரே பேச்சு

அப்பா காலத்து அம்பாசிடர் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"வண்டி லெஃப்ட்ல இழுக்குது."

"போன வருஷம் போட்ட டயரு, அதுக்குள்ள வழுக்கையாயிடுச்சு."

"கிழட்டு வண்டி, வித்துத் தொலைங்கப்பா!"

கடைசி வரிதான் வினை. டயர் தேய்ந்ததற்கும் ஸ்டீரிங் இழுப்பதற்கும் வண்டியின் வயதைக் காரணம் சொல்லி, நன்றாக இருக்கிற காரை எடைக்குப் போட்டு விடுகிறார்கள்.

அம்பாசிடர் இனிமேல் வரப் போவதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் தயாரான வண்டி அது. 1957-ல் பிறந்தது, 2014-ல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே பிரீமியர் பத்மினி நின்று விட்டது. சென்னையில் 1961-ல் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் முன்பே போய் விட்டது.

ஆகவே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு முதல் பாடம், முன் சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று தெரிந்து கொள்வதுதான்.

கைக்குத் தெரியும்

கண்ணால் பார்த்தால் இரண்டு சக்கரமும் நேராக நிற்பது போலத்தான் இருக்கும். கை பொய் சொல்லாது.

வண்டியை நிறுத்தி விட்டு, முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, குறுக்கே தடவிப் பாருங்கள். வெளிப் பக்கத்திலிருந்து உள் பக்கம் ஒரு தடவை. உள் பக்கத்திலிருந்து வெளிப் பக்கம் ஒரு தடவை.

உள்ளே தடவும்போது வழவழப்பாகவும், வெளியே தடவும்போது அரம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால், இரண்டு சக்கரமும் அளவுக்கு மேல் உள்நோக்கிப் பார்க்கின்றன. மாறி இருந்தால் வெளிநோக்கிப் பார்க்கின்றன.

அரம் எதுவும் இல்லாமல் டயரின் ஒரே ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் அது வேறு கதை. சக்கரம் மேலும் கீழுமாகச் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் இருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

டயர் ஒரு ஜாதகம். படிக்கத் தெரிந்தால் பாதி வியாதி அங்கேயே தெரிந்து விடும்.

டோ-இன் என்றால் என்ன?

மெக்கானிக்குகள் வாயில் எப்போதும் வரும் வார்த்தை 'டோ-இன்'. சிலர் நடக்கும்போது கால் கட்டை விரல்கள் உள்நோக்கி இருக்கும் அல்லவா? அதுதான்!

இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் அளந்தால், முன்னால் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறைவுதான் டோ-இன்.

நேராகவே வைத்தால் என்ன என்று கேட்கலாம். அம்பாசிடர், பத்மினி இரண்டும் பின் சக்கரத்தால் தள்ளப்பட்டு ஓடும் வண்டிகள். வண்டி ஓடும்போது ரோடு முன் சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளும். மூட்டுகளில் உள்ள சின்ன ஆட்டத்தால் சக்கரங்கள் வெளிப் பக்கமாக விரியும். நிற்கும்போது கொஞ்சம் உள்நோக்கி வைத்திருந்தால், ஓடும்போது விரிந்து நேராகி விடும்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? இந்த மாதிரிப் பழைய வண்டிகளுக்குப் பொதுவாக ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை. மில்லி மீட்டர் கணக்கில் சுமார் ஒன்றரை முதல் மூன்று. உங்கள் மாடலுக்கு உரிய அளவு கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். அதுதான் கடைசி வார்த்தை.

ஒன்றரை கிலோ மீட்டர்!

"கால் அங்குலம் கூடினா என்ன ஆயிடும்?" என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு.

அம்பாசிடரின் டயர் சுமார் 26 அங்குல விட்டம். டோ-இன் சரியான அளவைவிடக் கால் அங்குலம் கூடி விட்டது என்று வையுங்கள். அது இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதி. கணக்குப்படி, வண்டி ஒரு கிலோ மீட்டர் போனால் ஒவ்வொரு முன் டயரும் ஏறக்குறைய 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்ட மாதிரி.

ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 320 கிலோ மீட்டர். போய்ச் சேருவதற்குள் டயர் ஒன்றரை கிலோ மீட்டர் தூரம் ரோட்டில் உரசப்பட்டிருக்கும்!

டயரைக் கழற்றி ஒன்றரை கிலோ மீட்டர் தார் ரோட்டில் தேய்ப்பார்களா யாராவது?

முதலில் திருகாதே!

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. இழுக்கிறது என்றதும் டை ராடைத் திருகி விடுகிறார்கள். ஒரு வாரம் சரியாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி!

ஏன்? தேய்ந்து போன மூட்டில் அளவு நிற்காது. ஆடுகிற பல்லுக்குத் தங்கம் கட்டின கதைதான்.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. நான்கு டயரிலும், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு. ஒரு பக்கம் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

இரண்டாவது பிரேக். கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். தொடாதீர்கள்! ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது. இழுப்பதற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது ரோடு. தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் ஓரத்தைத் தாழ்த்தித்தான் போடுவார்கள். நாம் இடது பக்கம் போகிறவர்கள். எந்த வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் சாயத்தான் செய்யும். சமமான ரோட்டில் ஓட்டிப் பார்த்து விட்டுப் பிறகு குறை சொல்ல வேண்டும்.

நான்காவது நடுக்கம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் கிடுகிடுவென்று நடுங்கினால், முதலில் பார்க்க வேண்டியது வீல் பாலன்சிங். டை ராடை அல்ல.

ஆட்டம் எங்கே?

இவ்வளவும் சரியாக இருந்தால் அடுத்து ஜாக்கி.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, கெட்டியான ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக் கொள்ளுங்கள். 12 மணியிலும் 6 மணியிலும் கை வைத்து ஆட்ட வேண்டும். 'டொக் டொக்' என்று ஆடினால் ஒன்று வீல் பேரிங், அல்லது கிங் பின்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்று விட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது அதன் புஷ்.

அடுத்து 9 மணியிலும் 3 மணியிலும் கை வைத்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டு, அல்லது ஸ்டீரிங் பாகங்கள்.

பழைய அம்பாசிடரில் இருப்பது ரேக் அண்டு பினியன் ஸ்டீரிங். பத்மினியில் ஸ்டீரிங் பெட்டி, அதிலிருந்து கைகள், நடுத் தண்டு என்று மூட்டுகள் அதிகம். மூட்டு கூடக் கூட ஆட்டத்துக்கும் இடம் கூடும். வண்டி நேராக நிற்கும்போது ஸ்டீரிங் வளையம் ஓர் அங்குலத்துக்கு மேல் சும்மா ஆடினால், எங்கோ ஒரு மூட்டு தேய்ந்து விட்டது.

இது டயர் செலவோடு முடிகிற விஷயம் இல்லை. ஹைவேயில் போகும்போது தேய்ந்த டை ராடு எண்டு கழன்று கொண்டால், ஸ்டீரிங் கையில் இருக்கும்; சக்கரம் அது போன போக்கில் போகும். அதற்குப் பிறகு முட்டுக்கட்டை போட ஆள் கிடையாது!

"தேய்ஞ்சதை மாத்திட்டு அப்புறமா அலைன்மெண்ட் பாருங்க" என்று நல்ல மெக்கானிக் சொல்வார். அவர் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள்.

நூலும் சாக்பீசும்

ஆட்டம் எல்லாம் ஒழிந்த பிறகு அளவு எடுக்கலாம். கம்ப்யூட்டர் மெஷின் இல்லாத காலத்தில் மெக்கானிக்குகள் செய்த வேலை இது. வேண்டியது சாக்பீஸ், ஓர் ஆணி, இரும்பு டேப், கொத்தனாரின் தூக்குக்குண்டு, கூடத் தள்ளுவதற்கு இரண்டு பேர்.

இடம் சமமாக இருக்க வேண்டும். வாசல் சரிவு உதவாது. சந்தேகம் இருந்தால் ரசமட்டம் வைத்துப் பார்த்து விடலாம்.

சக்கரம் தூக்கியபடி இருக்கும்போதே டயரின் நடுவில் சுற்றிலும் சாக்பீஸ் பூசுங்கள். ஆணியை ஆடாமல் ஊன்றிப் பிடித்துக் கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் சன்னமாக ஒரு கோடு விழும். இரண்டு சக்கரத்துக்கும் இதேதான்.

பிறகு வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். ஜாக்கியில் தொங்கிய ஸ்பிரிங்கும் கைகளும் தம் இடத்துக்கு வரட்டும். ஸ்டீரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சில அடி முன்னுக்குத் தள்ளி நிறுத்துங்கள்.

இப்போது இரண்டு டயரின் முன்பக்கத்திலும், சக்கரத்தின் நடு உயரத்தில், கோட்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து தூக்குக்குண்டு தொங்க விட்டுத் தரையில் குறியிடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே தூரத்தை அளந்து எழுதிக் கொள்ளுங்கள்.

இனி வண்டியை முன்னுக்குத் தள்ளுங்கள். சக்கரம் சரியாக அரைச் சுற்று. முன்னால் இருந்த புள்ளி, பின்னால் அதே உயரத்துக்கு வந்து விடும். மறுபடியும் தூக்குக்குண்டு, மறுபடியும் அளவு.

பின் அளவிலிருந்து முன் அளவைக் கழித்தால் டோ-இன். அவ்வளவுதான்!

அதே புள்ளியைப் பின்னால் கொண்டு போய் அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீல் டிஸ்க் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அந்தக் கோணல் இரண்டு அளவிலும் ஒரே மாதிரி வந்து கழிந்து போகும்.

இன்னொன்று. தள்ளும்போது கொஞ்சம் அதிகமாகப் போய் விட்டதா? பின்னுக்கு இழுக்கக் கூடாது. இழுத்தால் மூட்டுகளில் உள்ள சின்ன ஆட்டம் எதிர்ப்பக்கம் போய் அளவு மாறி விடும். பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நூல் எதற்கு? சக்கரம் பின் சக்கரத்தோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க. காரின் இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில் இரண்டு நூல், ஒன்றுக்கொன்று இணையாகக் கட்ட வேண்டும். முன் சக்கரங்களின் இடைவெளியும் பின் சக்கரங்களின் இடைவெளியும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துக் கொண்டால், எந்தச் சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும்.

திருகுவது எப்படி?

லாக் நட்டைத் தளர்த்தி, டை ராடைத் திருக வேண்டும். டை ராடு முன் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் அதை நீட்டினால் டோ-இன் கூடும். முன்னால் இருக்கும் வண்டியில் நீட்டினால் குறையும். ஆகவே படுத்துப் பார்த்து விட்டுத் தொடங்குங்கள்.

ரேக் ஸ்டீரிங் வண்டியில் இரண்டு பக்கமும் சம அளவு திருக வேண்டும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் திருகினால் கார் நேராகப் போகும். ஸ்டீரிங் வளையம் மட்டும் கோணிக் கொண்டு நிற்கும்.

கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, லாக் நட்டை முடுக்கி, முன்னுக்குத் தள்ளி, மறுபடி அளக்க வேண்டும். நட்டை முடுக்கும்போதே அளவு கொஞ்சம் நகர்ந்து விடும். முடுக்கிய பிறகு எடுத்த அளவுதான் அளவு.

இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் ஆகும். புது டயர் விலையை நினைத்துப் பார்த்தால் அலுப்பு தெரியாது.

டயர் மாற்றும்போது ஒரு கவனம். பழைய நைலான் டயரும் புது ரேடியலும் ஒரே அச்சில் ஜோடி சேரக் கூடாது. இடது ஒன்று, வலது ஒன்று என்றால் எந்த அலைன்மெண்டும் எடுபடாது.

சாய்வும் சரிவும்

டோ-இன்னுக்கு இரண்டு சகோதரர்கள் உண்டு. கேம்பர், கேஸ்டர்.

முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் தலைப்பக்கம் வெளியே சாய்கிறதா, உள்ளே சாய்கிறதா என்பது கேம்பர். சக்கரம் திரும்புகிற கிங் பின் பின்னோக்கிச் சரிந்திருப்பது கேஸ்டர். சைக்கிளில் கையை விட்டு ஓட்டினாலும் நேராகப் போகிறதே, அதற்கு முன் போர்க்கின் சரிவும் ஒரு காரணம். வளைவு முடிந்ததும் காரின் ஸ்டீரிங் தானாக நேர்ப்படுவதும் இந்தச் சரிவால்தான்.

பழைய அம்பாசிடரில் இவை கட்டுமானத்திலேயே வந்தவை. திருகி மாற்ற நட்டு கிடையாது. தப்பாக இருந்தால் ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது வளைந்திருக்கிறது. முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி இருக்கும். ஒரு பக்கக் கம்பி சோர்ந்து வண்டி தாழ்ந்தாலும் சாய்வு மாறும்.

காவிரிப் பாலத்தில் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1976-ல் திறந்த அந்தப் பாலத்தின் இணைப்புகள் பழுதாகி, 2022-23-ல் சில மாதங்கள் மூடி வேலை பார்த்தார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு இணைப்பிலும் 'தடக்... தடக்...' என்று விழுந்த அடியெல்லாம் முன் சக்கர மூட்டுகள் வாங்கிக் கட்டிக் கொண்டதுதான்.

மெஷின் வேண்டாமா?

கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் மெஷின் நல்லதுதான். கேம்பர், கேஸ்டர் இரண்டையும் துல்லியமாகச் சொல்லும். ஆனால் மெஷினுக்கு உங்கள் வண்டியின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் பழைய மாடல் இல்லாவிட்டால் புத்தகத்து அளவை நீங்கள்தான் எடுத்துக் கொண்டு போக வேண்டும். வேறு ஏதோ வண்டியின் அளவை வைத்து முடுக்க விடக் கூடாது.

எவ்வளவு நல்ல மெஷினும் ஆடுகிற டை ராடை இறுக்கித் தராது.

வெள்ளைக்காரன் வண்டி

கார் வருவதற்கு முன்பே இந்தத் தொல்லை குதிரை வண்டிக்காரர்களுக்கு இருந்தது. வளைவில் உள் பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும். வெளிப் பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒன்று உரசும்.

ஜெர்மனியில் மூனிச் நகரில் வண்டி கட்டும் லாங்கன்ஸ்பெர்கர் என்பவர் 1817-ல் இதற்கு வழி கண்டார். உள் சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பும்படி கைகளைச் சாய்த்து அமைத்தார். அவருக்காக லண்டனில் 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் மற்றவருக்கு! இன்றைக்கும் ஆக்கர்மன் முறை என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு பக்க டை ராடை மட்டும் திருகக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம். வளைவுக் கணக்கும் கெட்டு விடும்.

ஐம்பது வயது ஆனால்

50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. அசல் உருவம் கெடாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி வரிசையில் நம்பர் வாங்கலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ ரோட்டில் விடக் கூடாது.

அந்த வயதை எட்ட வேண்டிய அம்பாசிடர்கள் இன்னும் வாசல்களில் நிற்கின்றன. அவற்றில் எத்தனை எட்டும் என்பது கிரீஸ் கன்னைக் கையில் எடுப்பவர்களைப் பொறுத்தது. முன் மூட்டுகளின் கிரீஸ் நிப்பிள்களைத் துடைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடித்து விட்டாலே பாதித் தேய்மானம் வராது.

ஆகவே "இழுக்குது, வித்துடலாம்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டயரைத் தடவிப் பாருங்கள். காற்றுப் பாருங்கள். சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். தேய்ந்ததை மாற்றி விட்டுக் கடைசியில் திருகுங்கள்.

உரசிப் போவது தேருக்கு அழகு. காருக்கு அல்ல!